தற்காலிக ஸ்டெப்னி: விதி தரும் அனுமதியும் கார் வைத்திருப்பவரின் பொறுப்பும்

இப்போது வரும் பல கார்களின் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, சாலையில் ஓடும் மற்ற நான்கு சக்கரங்களைவிட மெலிந்ததாகவும், பல நேரங்களில் விட்டத்திலும் சிறியதாகவும், அவற்றிலிருந்து தனித்துத் தெரியும் நிறம் பூசப்பட்டதாகவும் இருக்கிறது. விதிகள் இதைத் தற்காலிகப் பயன்பாட்டுக்கான மாற்றுச் சக்கரம் என்று வகைப்படுத்துகின்றன. ஓர் அச்சின் இரு முனைகளிலும் ஒரே வகை டயர்தான் இருக்க வேண்டும் என்பது டயர் பொருத்துதல் தொடர்பான ஐக்கிய நாடுகள் விதிகளின் பொது நிலை. அந்தப் பொது நிலையிலிருந்து இந்த மெலிந்த சக்கரத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. விலக்கு நிபந்தனைகளோடுதான் வருகிறது. அவற்றில் ஒரு பகுதி தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்துகிறது. மறுபகுதி காரை ஓட்டுபவரிடம் விடப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளருக்கான பகுதியைச் சரிபார்க்கச் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க, அந்தக் காரை வைத்திருப்பவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

தயாரிப்பாளர் நிறைவேற்ற வேண்டியவை

வாகனங்களுக்கான தொழில்நுட்ப விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைப்பதற்காக 1958ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஏற்பட்ட உடன்பாட்டின் கீழ் வெளியிடப்பட்ட ஐ.நா. ஒழுங்குவிதி எண் 64, இந்தத் தற்காலிகச் சக்கரங்களைப் பற்றியது. இதன்படி, சக்கரத்தைப் பொருத்திய பின் வெளியே தெரியும் பக்கம், வழக்கமான சக்கரங்களிலிருந்து தெளிவாக வேறுபடும் நிறத்திலோ வண்ண அமைப்பிலோ இருக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர், அதாவது 50 மைல், என்ற வேக எச்சரிக்கை அதன் வெளிப்புறத்தில் நிலையாக இடம்பெற வேண்டும். இந்தச் சக்கரத்தைப் பொருத்திய நிலையில் காரின் பிரேக்கைச் சோதித்து, வண்டி தன் பாதையிலிருந்து விலகாமல் நிற்கிறது என்றும் காட்ட வேண்டும். ஆகவே மஞ்சள் நிற ரிம்மும் பெரிய ஸ்டிக்கரும் அழகுக்காகவோ விளம்பரத்துக்காகவோ வைக்கப்பட்டவை அல்ல. அவை சட்டம் பேசும் இடம். பார்வைக்கு நன்றாக இல்லை என்று ஸ்டிக்கரை உரித்தெடுப்பவர்களும், ரிம்முக்குக் கறுப்பு வண்ணம் அடிப்பவர்களும் உண்டு. அந்த எச்சரிக்கை பெரும்பாலும், காரை முதன்முறையாக ஓட்டும் குடும்பத்தினர் ஒருவருக்கோ நண்பருக்கோதான் தேவைப்படும் என்பதால், அதை அப்படியே விட்டுவைப்பதே சரி.

காரை வாங்கியவருக்குச் சில தகவல்கள் எழுத்தில் கிடைக்க வேண்டும் என்பதும் இதே ஒழுங்குவிதியின் பகுதி. தற்காலிகச் சக்கரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் ஏற்படும் ஆபத்து, குறிக்கப்பட்ட வேகத்தைத் தாண்டாமல் கவனத்துடன் ஓட்ட வேண்டும் என்ற அறிவுறுத்தல், வழக்கமான சக்கரத்தை இயன்ற அளவு விரைவில் மீண்டும் பொருத்த வேண்டும் என்பது, இப்படிப்பட்ட சக்கரங்களை ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் பொருத்தக் கூடாது என்பது, அதில் இருக்க வேண்டிய காற்றழுத்தம் ஆகியவை உரிமையாளர் கையேட்டில் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். பழைய கார் வாங்குபவர்கள் கையேடு உண்டா என்று கேட்பதே இல்லை. அது இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து அந்த மாடலுக்கும் அந்த ஆண்டுக்கும் உரிய கையேட்டைப் பதிவிறக்கி வைத்துக்கொள்வது, வண்டியின் பதிவுச் சான்றைப் பத்திரப்படுத்துவதற்கு இணையான வேலை.

காற்றழுத்தத்தில் நேரும் பெரும் பிழை

டயரின் பக்கச்சுவரில் அளவு எண்ணுக்கு முன்னால் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது தற்காலிக வகை டயர். பெரும்பாலான 'டி' வகை டயர்களுக்குரிய அழுத்தம் 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பி.எஸ்.ஐ. சாதாரணக் கார் டயர்களில் இருக்கும் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் போல இது ஏறக்குறைய இரு மடங்கு. காரின் எடையைத் தாங்குவது ரப்பரைவிட அதனுள் அடைபட்டிருக்கும் காற்றுதான். மெலிந்த டயரில் காற்றுக்கான இடம் குறைவு. ஆனால் அது தாங்க வேண்டிய எடை குறையவில்லை. இடம் குறைந்ததை அழுத்தம் ஈடுகட்டுகிறது. எனவே காற்று நிரப்பும் இடத்தில் "ஐந்து டயருக்கும் பார்த்துவிடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்பது போதாது. ஐந்தாவது டயருக்கும் மற்ற நான்குக்குரிய அளவையே வைத்துவிடுவார்கள். அல்லது அதில் 60 இருப்பதைப் பார்த்து, அதிகமாக இருக்கிறதென்று எண்ணிக் காற்றை இறக்கிவிடுவார்கள். 30 பி.எஸ்.ஐ. மட்டுமே உள்ள 'டி' வகை டயர், விரலால் அழுத்திப் பார்த்தால் கல்போல இறுக்கமாகத்தான் இருக்கும். பொருத்திச் சாலையில் இறக்கிய பிறகுதான் அது பிதுங்கும். பக்கச்சுவர் மடிந்து சூடாகும். இருந்த ஒரே மாற்று டயரும் கெட்டுப்போகும்.

சரியான அளவைத் தெரிந்துகொள்ள டயரின் பக்கச்சுவரைப் பார்க்கலாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ கதவு விளிம்பிலோ ஒட்டப்பட்டிருக்கும் அட்டவணையையும் பார்க்கலாம். அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதிகளின்படி அந்த அட்டவணையில் முன், பின் டயர்களோடு ஸ்டெப்னியின் அளவும் அழுத்தமும் இடம்பெற்றாக வேண்டும். முழு அளவு ஸ்டெப்னி உள்ள கார்களில், அட்டவணையில் காணும் அழுத்தங்களில் உயர்ந்ததை அதில் வைத்திருப்பது வசதி. முன் சக்கரத்தில் பொருத்த நேர்ந்தாலும் பின் சக்கரத்தில் பொருத்த நேர்ந்தாலும், வழியில் காற்றைச் சற்றே குறைத்துக்கொள்ள முடியும். கூட்டுவதற்குத்தான் பம்பு தேவைப்படும்.

எந்த டயரும் பஞ்சர் ஆகாமலேயே மாதத்துக்கு ஒன்று முதல் இரண்டு பி.எஸ்.ஐ. வரை காற்றை இழக்கக்கூடும். ஆண்டு முழுவதும் பார்க்கப்படாத ஸ்டெப்னியில் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை மற்ற டயர்களைப் பார்க்கும்போதே, டயர் குளிர்ந்திருக்கும் நிலையில் இதையும் பார்ப்பது நல்லது. காலால் மிதித்துக் காற்றடிக்கும் சில சிறிய பம்புகளின் மானி 60 வரை காட்டாது; வாங்கும்போதே அதைக் கவனிக்க வேண்டும்.

ஓடாத டயருக்கும் வயது உண்டு

ஸ்டெப்னி தேயாததால் அது புதிதாகவே இருக்கிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ரப்பர், ஆக்சிஜனாலும் ஓசோனாலும் வெப்பத்தாலும் உழைக்காமலேயே முதுமை அடைகிறது. அதைத் தடுக்க டயரில் கலக்கப்படும் பாதுகாப்புப் பொருள்கள், டயர் சுழன்று நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாக வந்து சேர்கின்றன. அசையாமல் கிடக்கும் டயருக்கு அந்தப் பயன் குறைவு. பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்ற குறியீட்டின் இறுதியில் உள்ள நான்கு எண்களில் முதல் இரண்டு தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் தகுந்தவரிடம் காட்டிச் சோதிக்கவும், தேயாவிட்டாலும் தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுகளில் மாற்றிவிடவும் டயர் நிறுவனங்கள் பல அறிவுறுத்துகின்றன. கார் நிறுவனங்கள் சில ஆறு ஆண்டுகளையே எல்லையாகக் கொள்கின்றன. இந்தக் கணக்கு ஸ்டெப்னிக்கும் பொருந்தும். பக்கச்சுவரை வளைத்துப் பார்த்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரியுமானால், பட்டன், அதாவது தரையைத் தொடும் பகுதியின் மேடு, எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்த டயரை நம்பக் கூடாது.

காரின் அடிப்பகுதியில் தொங்கும் ஸ்டெப்னிக்குக் கூடுதல் கவனம் தேவை. சேறும் நீரும் கற்களும் அதன்மேல் நேரடியாக விழுகின்றன. அதைத் தாங்கும் கம்பிவடமும் இறக்கும் திருகும் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை முழுவதும் கீழே இறக்கிக் கழுவி, திருகுக்கு எண்ணெய் இட்டு மீண்டும் ஏற்றிவைத்தால், இருட்டில் சாலையோரத்தில் அது இறங்க மறுக்கும் நிலை வராது. அந்த வேலையின்போதே ஜாக்கி, வீல் ஸ்பானர், திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டுக்கான சாவி ஆகியவை இருக்கின்றனவா என்றும் பார்த்துவிட வேண்டும்.

பொருத்தும்போதும் ஓட்டும்போதும்

சக்கரம் மாற்றும் முறையைக் கையேடு படத்துடன் சொல்கிறது. அதில் விட்டுவிடக் கூடாதவை சில. வண்டி கெட்டியான சமதரையில் நிற்க வேண்டும். உள்ளே யாரும் இருக்கக் கூடாது. கைபிரேக் போட்டு, மாற்றப்போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். நட்டுகளைச் சற்றே தளர்த்துவது சக்கரம் தரையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். வண்டியைத் தூக்கிய பிறகு பலம் கொடுத்துத் திருகினால் ஜாக்கி சரியும். ஜாக்கியைக் கையேடு காட்டும் இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும் காரின் கீழே உடலின் எந்தப் பகுதியையும் நுழைக்கக் கூடாது. நட்டுகளை வட்டமாக வரிசையில் இறுக்காமல், ஒன்றுக்கு எதிர் மற்றொன்றாக இறுக்குவதால் ரிம் நேராக உட்காரும். சில மாடல்களில் அலாய் வீலுக்கும் இரும்பு ஸ்டெப்னிக்கும் வெவ்வேறு போல்டுகள் தரப்படுகின்றன. அவற்றை மாற்றிப் போட்டால் முழுவதும் பிடிக்காது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி சரிபார்ப்பதும் இந்த வேலையின் பகுதியே.

மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது மேல் எல்லை; மழையிலும் வளைவிலும் அதைவிடக் குறைவாகவே ஓட்ட வேண்டும். தரையைத் தொடும் பரப்பு குறைவதால் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடலாம். விட்டம் சிறிதாக இருந்தால் அந்த மூலை தாழ்ந்து, வேகத்தடையில் அடிபடலாம். மேலும், சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிக முறை சுழல்வதால், இயக்கும் அச்சில் பொருத்தப்பட்டால், இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியல் ஓய்வின்றி உழைக்க வேண்டியிருக்கும். இதனால் முன்சக்கர இயக்கக் கார்கள் சிலவற்றில், முன் டயர் பஞ்சரானால் பின்னாலுள்ள நல்ல சக்கரத்தை முன்னே கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் பொருத்தச் சொல்லியிருப்பார்கள். நான்கு சக்கர இயக்கக் கார்களில் இன்னும் கடுமையான கட்டுப்பாடு இருக்கக்கூடும். இங்கே பொது அறிவுரையை நம்பாமல் அந்தக் காரின் கையேட்டையே நம்ப வேண்டும். வேறொரு மாடலின் ஸ்டெப்னியைப் போல்ட் துளைகள் பொருந்துகின்றன என்பதற்காக மாட்டுவதும் ஆபத்து. ரிம்மின் உட்புறம், பிரேக்கின் பிடிப்புப் பகுதியான காலிப்பரில் உரசலாம்.

ஸ்டெப்னியைப் பொருத்தியதும் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு சிறிது நேரம் மின்னி, பிறகு எரிந்துகொண்டே இருப்பதைக் கண்டு பலர் கலங்குகிறார்கள். அழுத்தத்தை அளக்கும் உணரி பெரும்பாலான தற்காலிகச் சக்கரங்களில் இருப்பதில்லை. அப்படிப்பட்ட கோளாறை 60 முதல் 90 நொடிகள் மின்னிக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க விதி வரையறுத்திருக்கிறது. விளக்கு அந்த நிலையில் இருக்கும்வரை, மற்றொரு டயரில் காற்று குறைந்தால் அதைத் தனியே காட்டாமல் போகலாம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஸ்டெப்னியே இல்லாத கார்கள்

ஸ்டெப்னி இன்றிக் காரை விற்பதற்கும் இப்போது விதிகள் இடம் தருகின்றன. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ட்யூப்லெஸ் டயரும், டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பும், பஞ்சர் ஒட்டும் கருவித்தொகுப்பும் உள்ள சிறிய பயணிகள் வாகனங்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. இத்தகைய தொகுப்பில் வரும் அடைப்புத் திரவம், தரையைத் தொடும் பகுதியில் ஏற்பட்ட சிறு துளைகளை மட்டுமே அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் பயனில்லை. புட்டியில் காலாவதித் தேதி அச்சிடப்பட்டிருக்கும். அது கடந்தால் புதிய புட்டி வாங்க வேண்டும். திரவத்தைப் பயன்படுத்தியிருந்தால், டயரைக் கழற்றுபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காரை வாங்கும் முன்பே டிக்கியின் தரையைத் தூக்கி, அங்கே இருப்பது முழு அளவுச் சக்கரமா, தற்காலிகச் சக்கரமா, புட்டி மட்டுமா என்று பார்ப்பவர்கள் குறைவு. விற்பவரிடம் இதைக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

பஞ்சரான டயரை ஒட்டக் கொடுக்கும்போது அதை ரிம்மிலிருந்து கழற்றி உட்புறத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். காற்றில்லாமல் சிறிது தூரம் ஓடியிருந்தால் பக்கச்சுவரின் உட்புறம் அரைபட்டு, ரப்பர் தூளாக உதிர்ந்திருக்கும், அத்தகைய டயரை ஒட்டிப் பயனில்லை. வழக்கமான சக்கரம் திரும்பப் பொருத்தப்பட்ட அன்றே ஸ்டெப்னியின் பட்டன் தேய்மானக் குறியை நெருங்கிவிட்டதா என்று பார்த்து, காற்றை மீண்டும் 60க்கு நிரப்பி, அதன் இடத்தில் ஆடாமல் திருகி வைத்துவிட வேண்டும்.