பிரேக்கர் விழலையே என்று கேட்பவர்களுக்கு

தீபாவளி நெருங்கிவிட்டது. மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், கடைவீடுகளின் மாடி அறைகளிலிருந்து கருகிய பிளக்குகள் மறுபடியும் என்னிடம் பழுதுபார்க்க வர ஆரம்பித்துவிட்டன. கிறிஸ்துமஸ் முடியும்வரை இது ஓயாது. கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள், கல்யாணமாகி இங்கே வந்த பெண்கள். லீவு கிடைப்பதில்லை, கிடைத்தாலும் டிக்கெட் விலை கட்டுப்படியாகாது. நெய் பிஸ்கட்டோ பிளம் கேக்கோ சுட்டால் மனசு கொஞ்சம் ஆறுகிறது. தாராளமாகச் சுடுங்கள். ஓவனை எதில் செருகிச் சுடுகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

ஊரிலிருந்து பெட்டியில் ஓவன் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: "அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட், அப்புறம் என்ன அண்ணே?" வோல்ட் சரி, 50 ஹெர்ட்ஸும் சரி. பிளக் சரியில்லையே! இந்திய உருண்டைக் கால் பிளக்கைப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய அடாப்டரில் நுழைக்கிறீர்கள். அது போன் சார்ஜருக்குச் செய்தது. பல அடாப்டர்களில் எர்த் கால் பேருக்குத்தான் இருக்கும், உள்ளே எதோடும் சேராது. ஓவனின் தகர உடம்பில் கரண்ட் ஏறினால், ஈரக் கையோடு தட்டை இழுப்பவர்தான் எர்த்.

அடுத்து, எனக்கு எரிச்சல் தரும் அந்தக் கேள்வி: "பிரேக்கர் விழலையே, அப்படியென்றால் சேஃப்தானே?" இல்லை. கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்தான் பிரேக்கர். அதற்குத் தெரிந்தது எத்தனை ஆம்பியர் போகிறது என்பது மட்டும். 2000 வாட் ஓவன் 8.7 ஆம்பியர் இழுக்கும். 20 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் பிளக்கின் கால் சாக்கெட்டுக்குள் ஆடிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலே 38 வாட் சூடு கிளம்பும். ஒரு சின்ன சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் செருகி வைத்த மாதிரி. அப்போதும் பிரேக்கர் காண்பது அதே 8.7 ஆம்பியர்தான். அது ஏன் விழப்போகிறது? ஆர்சிசிபி என்கிற கசிவுக் காப்பு சுவிட்ச் கரண்ட் கசிந்தால்தான் விழும், சூட்டுக்கு விழாது. பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸும் 20 ஆம்பியரை அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஒரே எக்ஸ்டென்ஷனில் ஓவன், 2200 வாட் கெட்டில், சோற்றுக் குக்கர் மூன்றையும் போட்டால் 21 ஆம்பியர் தாண்டுகிறது. எதுவும் விழாமலே வயர் வேகும்.

கெட்டில் நாலு நிமிடத்தில் நின்றுவிடும். பிஸ்கட் அப்படியில்லை. தட்டுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் எட்டுத் தட்டுக்கு இரண்டு மணி நேரம். தட்டு மாற்றக் கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடு இறங்க, ஓவன் மறுபடி முழு வேகத்தில் இழுக்கும். வருடம் முழுக்க டீ போட்டும் ஒன்றும் ஆகாத சாக்கெட் பண்டிகை வாரத்தில் கருகுவது இதனால்தான்.

அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள். சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கர் ஒட்டிய 13 ஆம்பியர் பிளக் சில வெள்ளி (ரிங்கிட்) தான். பழுப்பு வயர் ஃபியூஸ் பக்கம், நீலம் எதிர்ப் பக்கம், பச்சை-மஞ்சள் மேலே நடுவில். நிறம் வேறாக இருந்தால் நீங்களே ஊகிக்காதீர்கள், கொண்டுவந்து காட்டுங்கள். வயரின் வெளித்தோல் கிளிப்புக்குள் சிக்கியிருக்க வேண்டும், செம்பு இழை ஒன்றுகூட வெளியே நீட்டக் கூடாது. ஓவனை நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் மாட்டுங்கள். வயரில் 0.75 என்று அச்சடித்த எக்ஸ்டென்ஷன் 6 ஆம்பியருக்குத்தான், ஃபேனுக்கு விட்டுவிடுங்கள். வெந்நீர் வேண்டுமா, முன்னாலேயே கொதிக்க வைத்து பிளாஸ்கில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

முதல் இருபது நிமிடம் கழித்து சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. பிடிக்க முடியாமல் சுட்டால் அன்றைக்குப் போதும். அடுப்பில் கருவாடு இல்லாமலே கருவாட்டு வாடை அடித்தால், பிளக்கின் பிளாஸ்டிக் வேகிறது என்று அர்த்தம். கேக் பாதியில் நின்றாலும் உடனே அணையுங்கள். ராத்திரி வேலை முடிந்து வந்து, ஓவனைப் போட்டுவிட்டுக் கண்ணயராதீர்கள் தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன்.

பழைய தோட்ட லயன் வீடுகளில் இருப்பவர்கள் ஓவனை மாட்டும் முன்பே வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வயர்கள் விளக்குக்கும் ஃபேனுக்கும் இழுத்தவை.

கருகிய பிளக்கைச் சுரண்டிவிட்டுத் திரும்பச் செருகுகிற பழக்கமும் இருக்கிறது. சூடு பட்ட சாக்கெட்டின் உள் பிடி தளர்ந்திருக்கும். புது பிளக் போட்டாலும் அதையும் கருக்கிவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சுவர்ச் சாக்கெட்டில் நீங்கள் கை வைக்காதீர்கள், வீட்டுக்காரரிடம் சொல்லி எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள்.