பயோ என்சைம்: நொதியா, காடியா?

பழத்தோல் 3 பங்கு, வெல்லம் 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு. பாட்டிலில் போட்டு மூடி 3 மாதம் வைத்தால் கிடைக்கும், கறை போக்க உதவும் நீரைப் 'பயோ என்சைம்' என்கிறோம். முதல் மாதம் தினமும் மூடியைத் திருகினால் புஸ்ஸென்று காற்று வெளியேறும். என்சைம் என்ற சொல் பிறந்ததும் அப்படி நுரைத்துப் பொங்குகிற ஒரு பாத்திரத்திலிருந்துதான்.

கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே. 'ஸூமே' என்றால் மாவைப் புளிக்கவைக்கும் உறை. இரண்டையும் சேர்த்து 1870களில் பெயர் வைத்தவர் ஜெர்மன் உடலியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே. உயிருள்ள ஈஸ்ட் வேறு, அதற்குள் வேலை செய்யும் பொருள் வேறு என்று பிரித்துச் சொல்ல அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த சாறே சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று 1897இல் ஜெர்மன் வேதியியலாளர் எடுவர்ட் புக்னர் காட்டினார். அதற்காக 1907இல் நோபல் பரிசும் பெற்றார்.

என்சைமுக்குத் தமிழில் 'நொதி'. மாவும் கள்ளும் புளித்துப் பொங்குவதைச் சொல்லும் நொதித்தல் என்ற வினையிலிருந்து வந்தது. இலங்கைப் பாடநூல்களில் நொதியம். இவ்வளவு பொருத்தமான கலைச்சொல் அபூர்வம்.

நொதிக்கு உயிர் கிடையாது. அநேகமாக எல்லா நொதிகளும் புரதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. சிங்க் குழாயில் மெழுகு மாதிரி உறைந்த எண்ணெய்ப் பிசுக்கை லிப்பேஸ் என்ற நொதி கிளிசராலாகவும் கொழுப்பு அமிலமாகவும் வெட்டும். தான் தீர்ந்துபோகாமல் அடுத்ததை வெட்டப் போய்விடும். ஜப்பானின் சகாய் நகரில் பாட்டில் மறுசுழற்சி ஆலை ஒன்றின் அருகே எடுத்த மாதிரியில், பாட்டில் செய்யப் பயன்படும் பெட் (PET) பிளாஸ்டிக்கையே நொதிகளால் சிதைத்து உணவாக்கும் பாக்டீரியா கிடைத்ததை 2016இல் அறிவித்தார்கள். இப்படி நொதிகளைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் முறையை 'நொதிவழிக் கழிவுச் சிதைப்பு' எனலாம்.

சரி, நம் பாட்டில்? நொதி என்பதே உயிர்களிடமிருந்து வருவதுதான். 'பயோ' என்ற ஒட்டு வீண். தவிர, அந்தப் பழுப்பு நீரில் கறையைப் போக்குவது பெரும்பாலும் நொதித்தலில் உண்டான புளிப்பு அமிலம். புளித்த நீருக்கு நம்மிடம் 'காடி' என்ற பழைய சொல் இருக்கிறது. நான் பாட்டிலில் 'பழத்தோல் காடி' என்றே எழுதி ஒட்டுகிறேன்.