கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

இந்த மாதமும் ஒரு கணினி கருகிய வாசனையோடு பழுதுபார்க்க வந்தது. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் வயரில் ஒரு கன்வெர்ட்டரைச் செருகி, கேமின் காட்சிகளைத் திரைக்கு உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டின் 8 பின் இணைப்புக்கு அதிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் உருகி வயரோடு ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் ஆள் இருந்ததால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகும் பையனின் கணினி. "8 ஜிபி கார்டு சார், எல்லா கேமும் ஓடும்னு சொன்னாங்க" என்றான்.

இதே கதையை வேறு வேறு கணினிகளில் பார்த்து அலுத்துவிட்டது. பழைய கணினியில் நல்ல கார்டு போட்டு விளையாட ஆசைப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை. சரியாகச் செய்தால் அந்தக் கணினியை இன்னும் சில வருடம் சந்தோஷமாக ஓட்டலாம். ஆனால் எல்லோரும் கார்டை வாங்கிவிட்டு, அப்புறம்தான் கேபினெட்டைத் திறக்கிறார்கள்.

முதலில் மின்சாரம். மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். 6 பின் இணைப்பு மேலும் 75 வாட் தரும், 8 பின் இணைப்பு 150 வாட் தரும். சாட்டா பவர் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு இருப்பது மூன்று பின், ஒவ்வொன்றும் தாங்குவது 1.5 ஆம்பியர். எல்லாம் சேர்த்து 54 வாட். 150 வாட் கேட்கக்கூடிய இடத்தில் 54 வாட் தாங்கும் இணைப்பைக் கொண்டுபோய் மாட்டினால் உருகாமல் என்ன செய்யும்? அந்தக் கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறது என்பதாலேயே அதை நம்பாதீர்கள். கார்டோடு பெட்டியிலேயே வந்தாலும் தூக்கி ஓரமாக வையுங்கள். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியில், கார்டுக்கென்றே வரும் 6 பின் அல்லது 8 பின் வயர் இல்லையென்றால், இவ்வளவு மின்சாரம் தர அது செய்யப்படவில்லை என்று அர்த்தம்.

எஸ்எம்பிஎஸ் மேலே பெரிதாக 450 வாட் என்று எழுதியிருக்கிறதே என்பார்கள். அந்தப் பெரிய எண்ணை விடுங்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான். பிராசசரும் கார்டும் அதற்குள்தான் பிழைக்க வேண்டும். பழைய கம்பெனி செட் கணினிகளில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் பிளக்கும் தனி ரகமாக இருப்பதுண்டு. கடையில் வாங்கியதை அதில் மாட்டவே முடியாது. அந்த மாதிரிக் கணினிக்குத் தனி பவர் இணைப்பு கேட்காத கார்டு மட்டும் பாருங்கள். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 ஆகியவற்றில் பல மாடல்கள் ஸ்லாட்டின் 75 வாட்டிலேயே ஓடும். ஒல்லியான கேபினெட் என்றால் உயரம் குறைந்த மாடலாகத் தேட வேண்டும்.

இப்போது அந்த "8 ஜிபி"க்கு வருகிறேன். கார்டு பற்றிக் கேட்கும் எல்லோருக்கும் முதல் கேள்வி இதுதான்: எத்தனை ஜிபி? ஜிபி என்பது கார்டின் வேகம் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், வேகம் இல்லை. கேமின் படங்களையும் தரவுகளையும் வைத்துக்கொள்ள எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. கிடங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாசல் குறுகலாக இருந்தால் சரக்கு மெதுவாகத்தான் வெளியே வரும். கார்டில் அந்த வாசல்தான் நினைவகத்தின் அலைவரிசை (பேண்ட்விட்த்), அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு வந்துபோகும் என்ற அளவு. அப்படி வெளியே வந்ததை வைத்து வேலை செய்ய வேண்டியது கார்டின் மூளையான சிப்.

நம்பாதவர்களுக்கு ஒரு உதாரணம். 2017-இல் வந்த ஜிடி 1030 கார்டில் 2 ஜிபி ஜிடிடிஆர்5 நினைவகம், அலைவரிசை நொடிக்கு 48 ஜிபி. அடுத்த வருடம் அதே பெயரில், அதே 2 ஜிபியில், டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. அதன் அலைவரிசை நொடிக்கு 16.8 ஜிபி. பெட்டியில் பெயரும் ஒன்று, ஜிபியும் ஒன்று. கேமில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். பெயரும் ஜிபியும் மட்டும் பார்த்து வாங்கியவருக்கு எது கையில் வந்தது என்றே தெரியாது.

இதைவிடக் கொடுமை ஜிடி 730. டிடிஆர்3 நினைவகத்தோடு 4 ஜிபி என்று விற்பார்கள். வெறும் 2 ஜிபி வைத்திருக்கும் ஜிடிஎக்ஸ் 1050-இன் அலைவரிசை நொடிக்கு 112 ஜிபி. ஜிடி 730-இன் டிடிஆர்3 ரகங்கள் 30-ஐக்கூடத் தொடாது. சிப்பும் பல மடங்கு பலவீனம். இருந்தும் "4 ஜிபி பெருசா, 2 ஜிபி பெருசா" என்று கணக்குப் போட்டு அதைத்தான் வாங்கி வருகிறார்கள். ஜிபி தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இடம் போதாமல் போனால் கேம் திக்கித் திக்கி நிற்கும், இன்றைய பெரிய கேம்களுக்கு 4 ஜிபி பற்றாது. ஆனால் அது சிப் என்ன, நினைவக ரகம் என்ன, அலைவரிசை என்ன என்று பார்த்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி. டாஸ்க் மேனேஜரில் "ஷேர்டு" என்று தனியாக ஒரு எண் தெரியும். அது உங்கள் ராமிலிருந்து கடன் வாங்கக்கூடிய அளவு. அதையும் கூட்டிச் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

அந்தப் பையனின் கணினியில் இருந்தது இரண்டு கோர் பழைய பிராசசர், ஒற்றை ராம். கன்வெர்ட்டர் உருகாமல் இருந்திருந்தாலும் அவன் எதிர்பார்த்த வேகம் வந்திருக்காது. இதைக் காசு செலவழிக்காமல் முன்கூட்டியே சோதிக்கலாம். இப்போது இருக்கும் கார்டிலேயே கேமின் ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற எண், ஏறினால் கார்டுதான் தடை, மாற்றினால் பலன் உண்டு. அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் பிராசசர்தான் தடை. ஒரே ஒரு ராம் போட்டிருந்தால் ஜோடியாக இன்னொன்று போட்டாலே பல கேம்களில் முன்னேற்றம் தெரியும். இன்னொன்று, சில புது கேம்கள் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள பிராசசரில்தான் திறக்கும். இன்டெலில் அது 2013-இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்துதான் உண்டு. அதற்கு முந்தைய பிராசசர் என்றால் எந்தக் கார்டு போட்டாலும் அந்த கேம் திறக்காது.

பழைய மதர்போர்டுக்குப் புதுக் கார்டு எல்லாமே பொருந்தும் என்றும் நினைக்காதீர்கள். ஸ்லாட்டில் உட்காரும், அது வேறு விஷயம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் நான்கு லேனில் (தரவு போகும் பாதையில்) பேசும் கார்டு, ஸ்லாட் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ரகமாக உள்ள போர்டில் போட்டால் கணிசமாக மந்தமாகும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுக விடுவது) வேண்டும், பழைய போர்டுகளில் பெரும்பாலும் அது கிடையாது. செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 10 வரிசை வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அதற்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் கையில் வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய சிப் உள்ள கார்டின் பயாஸை, அதாவது அதற்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்கிறார்கள், விண்டோஸும் அப்படியே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் இந்த மாதிரிப் பல போலிகளைக் கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்று குறித்துக் காட்டிவிடும்.

மாட்டும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கார்டைத் தொடுங்கள். பழைய கார்டை எடுக்கும்போது ஸ்லாட் முனையில் இருக்கும் கொக்கியை விடுவிக்காமல் இழுக்காதீர்கள், உடைந்த கொக்கிகளோடு எத்தனையோ போர்டுகள் வருகின்றன. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் பழையதிலிருந்து கழற்றக்கூடிய வயர்களை அப்படியே புதியதில் செருகவே கூடாது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும். தவறான வயரில் ஹார்ட் டிஸ்கும் அதிலிருந்த குடும்பப் புகைப்படங்களும் ஒரே நொடியில் போய்விடும். மானிட்டர் வயரை மதர்போர்டில் விடாமல் கார்டின் பின்பக்கம் செருகுங்கள். புதுக் கார்டு போட்டும் ஒன்றும் மாறவில்லை என்று வருபவர்களில் பலருக்கு நான் செய்வது அந்த வயரை மாற்றிச் செருகுவது மட்டும்தான்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை கார்டு கேட்டால் மறுக்க வேண்டாம். கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் அட்டவணையையும் மதர்போர்டின் பெயரையும் போனில் படம் எடுங்கள். ஸ்லாட்டிலிருந்து முன்பக்கம் வரை எத்தனை செண்டிமீட்டர் இடம் இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இவற்றைக் காட்டி, "இதற்கு எது பொருந்தும்?" என்று கேளுங்கள். கன்வெர்ட்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று பதில் வந்தால் அங்கே வாங்காதீர்கள்.