ரிலீஃப் வால்வு: நிவாரணமா, தணிப்பா, கலிங்கா?

குழாயில் அழுத்தம் அளவு மீறினால் தானே திறந்து வழிவிடும் 'பிரஷர் ரிலீஃப் வால்வு' என்பதை 'அழுத்த நிவாரண வால்வு' என்று எழுதுகிறார்கள். நிவாரணம் என்றதும் நமக்கு நினைவு வருவது வெள்ள நிவாரணம். அடி விழுந்த பிறகு வருவது. இந்த வால்வோ அடி விழுமுன் திறந்தாக வேண்டும்.

'ரிலீஃப்' சுமையை இலேசாக்குதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 'வால்வு', மடக்குக் கதவின் ஒரு பலகையைக் குறித்த 'வால்வா'. அதற்குச் சொல்லப்படும் 'ஓரதர்' (ஓர் + அதர், ஒருவழி) நான்-ரிட்டர்ன் வால்வுக்குத்தான் சரி. ஓடும் திரவத்தைச் சட்டென நிறுத்தினால் குழாயில் ஏறும் அழுத்தம் 'சர்ஜ்'; இச்சொல் மேலெழுதல் என்ற வினையின் வழி வந்தது. 'அழுத்த எழுச்சி' கச்சிதமான தமிழ்.

எழுச்சியின் அளவை 1898இல் ரஷ்ய அறிவியலாளர் ஜுக்கோவ்ஸ்கி ஒரே பெருக்கலில் அடக்கினார்: அடர்த்தி × அலைவேகம் × வேகமாற்றம். எஃகுக் குழாய் நீரில் அழுத்த அலை நொடிக்குச் சுமார் 1,100 மீட்டர் ஓடும். நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் போகும் நீரைச் சட்டென நிறுத்தினால் 16.5 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) கூடும், ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்துக்கு மேல். எது 'சட்டென' என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 11 கி.மீ. குழாயில் அலை போய்த் திரும்ப 20 நொடி ஆகும்; அதற்குள் வால்வை மூடி முடித்தால், எத்தனை நிதானமாகச் சுற்றினாலும் முழு அடிதான்.

எண்ணெய்க் குழாய்களில் இந்த அடியை வாங்க நைட்ரஜன் ஏற்றிய எழுச்சி வால்வுகளை வைப்பதுண்டு. பிஸ்டனின் ஒருபுறம் எண்ணெய், மறுபுறம் நைட்ரஜன். எண்ணெய் வென்றால் நொடியின் சிறு பங்கில் திறந்து தனித் தொட்டிக்கு வழிவிடும். மூடும்போது மெதுவாக மூட வேண்டும். படாரென மூடினால் அதுவே புது எழுச்சி. வெயிலேறினால் நைட்ரஜன் அழுத்தமும் ஏறி, வால்வு திறக்கும் அழுத்த அளவு நகர்ந்துவிடும். அதனால் அதன் உருளையைப் புதைப்பார்கள், அல்லது வெப்பக்காப்பு சுற்றுவார்கள். திரவக் குழாய்களுக்கான அமெரிக்க நெறிமுறையான பி31.4இன்படி எழுச்சி, வடிவமைப்பு அழுத்தத்தை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது.

வால்வு இருந்தும் குழாய் வெடிப்பது பெரும்பாலும் சுற்றியுள்ளவற்றால்: பராமரிப்புக்காக மூடிய, அதன் கீழுள்ள தடுப்பு வால்வைத் திறக்க மறப்பது, தொட்டி நிரம்பியிருப்பது, தேவைக்கு மேல் பெரிய வால்வு படபடத்துத் தன் இருக்கையை (மூடி அமரும் இடத்தை) தேய்ப்பது. 1999 ஜூன் 10இல் அமெரிக்காவின் பெல்லிங்ஹாமில், முன்பே காயம்பட்டிருந்த 16 அங்குல பெட்ரோல் குழாய் எழுச்சியில் பிளந்து மூவர் இறந்தனர். அந்தப் பாதையிலிருந்த ரிலீஃப் வால்வு சரியாக அமைக்கப்படவில்லை. நுழைவாயில் தடுப்பு வால்வு திரும்பத் திரும்ப மூடிக்கொண்டதையும் யாரும் துருவவில்லை.

ஆவணத்தில் 'அழுத்தத் தணிப்பு வால்வு' போதும். ஆனால் வேலையைப் புரியவைக்கும் சொல் ஏரிக்கரையிலேயே இருக்கிறது: கலிங்கு. மதகை ஆள் திறக்க வேண்டும்; கலிங்கு, மட்டம் தாண்டினால் தானே பாயும். கூடுதல் தண்ணீருக்கு ஆசைப்பட்டுக் கலிங்குக் கற்களுக்கிடையே மண்ணடைத்தால் கரை உடையும். ரிலீஃப் வால்வு 'சும்மா ஒழுகுகிறது' என்று அதை அழுத்தி மூடிவைக்கும் ஸ்பிரிங்கை முறுக்குவதும் அதே வேலைதான்.

கலிங்கு பெருக்கைத்தான் பார்க்கும், வற்றலைப் பார்க்காது. மின்சாரம் போய்ப் பம்பு நின்றால் முதலில் அழுத்தம் விழும், குழாய்க்குள் தொடராக நிற்கும் நீர் இடையில் அறும். அங்கே இந்த வால்வு உதவாது; காற்று வால்வோ எழுச்சித் தொட்டியோ வேண்டும்.