காற்றே இல்லை, அலை எங்கிருந்து வருகிறது?

வாசகர் ஒருவர் சுமத்ராவுக்கு மேற்கே உள்ள மெந்தாவாய் தீவுகளுக்குப் போய் வந்திருக்கிறார். பாடாங்கில் பாய்மரப் படகு ஏறி, சிபெரூட், சிபோரா என்று தீவு தீவாக அலைச்சறுக்கு. "பாதி நாள் பாய், கொடியில் காயும் வேட்டி மாதிரி தொங்கியது. இன்ஜின் போட்டுத்தான் நகர்ந்தோம். ஆனால் பவளத்திட்டில் இரண்டு ஆள் உயரத்துக்கு அலை. எப்படி?" என்று கேட்கிறார்.

அந்தத் தீவுகள் பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, அமைதி மண்டலத்தில் இருக்கின்றன. அங்கே காற்று குறைவு. அலை பிறப்பது அங்கே இல்லை. சுமார் 5,000 கி.மீ. தெற்கே, பள்ளிப் புவியியலில் படித்தோமே, கர்ஜிக்கும் நாற்பதுகள் (தெற்கே 40 முதல் 50 பாகை வரை பலத்த மேற்குக் காற்று வீசும் கடல்), அந்தப் பகுதிப் புயல்களில். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே புயல் மாற்றிப் புயல். புயலை விட்டு வெளியே வந்துவிட்ட அலைக்குப் பெயர் ஸ்வெல். ஆழ்கடலில் தண்ணீர் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கிறது, ஆற்றல் மட்டும் பயணம் போகிறது. வழியில் தேய்மானம் மிகக் குறைவு. தென்கடல் புயல்களில் பிறந்த ஸ்வெல் பசிபிக்கைக் கடந்து அலாஸ்கா வரை போவதை கடலியல் விஞ்ஞானி வால்டர் மங்க் குழுவினர் 1963-ல் வழிநெடுகக் கருவி வைத்துத் தொடர்ந்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். புயலிலிருந்து எல்லா அலைகளும் கலந்தடித்துக்கொண்டு கிளம்புகின்றன. ஆனால் ஆழ்கடலில் நீளமான அலைதான், அதாவது முகட்டுக்கு முகடு அதிக நேரம் எடுக்கும் அலைதான், வேகமாக ஓடும். இரண்டு முகடுகளுக்கு இடையே 20 வினாடி என்றால் அந்த அலைக்கூட்டத்தின் வேகம் மணிக்குச் சுமார் 56 கி.மீ., 15 வினாடி என்றால் 42. ஆக, 5,000 கி.மீ. தாண்டுவதற்குள் அலைகள் தானாகவே தரம் பிரிந்துவிடுகின்றன. 20 வினாடிக்காரர் முதலில் வருவார், 15 வினாடிக்காரர் 30 மணி நேரம் கழித்து. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணி இடி விழுந்த தூரத்தைச் சொல்கிறோமே, அதே கணக்கு. கரையில் நின்றபடி, கண்ணால் பார்க்காத புயலின் தூரத்தைச் சொல்லிவிடலாம்!

அலைக்கூட்டம் என்றேன், அதையும் பார்த்துவிடுவோம். குளத்தில் கொஞ்சம் பெரிய கல்லாகப் போட்டு, விரியும் வளையத்தின் ஓர் இடத்தையே உற்றுப் பாருங்கள். சின்ன முகடு வளையத்தின் உள்விளிம்பில் முளைக்கும், மற்றவற்றைவிட முன்னேறி வெளிவிளிம்புக்கு வந்து கரைந்துவிடும். பின்னால் இன்னொன்று முளைக்கும். முகடு ஓடும் வேகத்தில் பாதிதான் கூட்டத்தின் வேகம். மெந்தாவாயில் உடைகிற முகடு புயலில் பிறந்த முகடே அல்ல. வழியில் எத்தனையோ முகடுகள் பிறந்து மறைந்துவிட்டன.

அப்புறம் கரைக்கதை எளிது. ஆழம் அலைநீளத்தில் பாதிக்குக் கீழே போனதும் அலைக்குத் தரை தட்டுப்படுகிறது, வேகம் குறைகிறது, உயரம் ஏறுகிறது. பவளத்திட்டு ஆழத்திலிருந்து சட்டென்று எழுவதால் அலையும் சட்டென்று உடைகிறது.

இதே ஸ்வெல்தான் நம் கரையில் கள்ளக்கடல். வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. 'கடல் பலி கேட்கிறது' என்று இன்னும் பேசுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நாள் கணக்கில் முன்கூட்டியே தெரிகிற விஷயம் இது. கடலில் அலையை அளக்கும் மிதவைக் கருவிகளுக்கும், எச்சரிக்கையை மணலில் நிற்பவர் காது வரை கொண்டுபோகிற ஆட்களுக்கும் பணம் தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, வாசகரே, அடுத்த தடவை போகும்போது ஒரு கைக்கடிகாரம் எடுத்துப் போங்கள். புது ஸ்வெல் வந்ததும் நங்கூரமிட்ட படகிலிருந்து பத்து முகடுகள் கடக்கும் நேரத்தைக் காலையும் மாலையும் குறித்து வையுங்கள். வினாடி குறைந்துகொண்டே வரும். அந்த எண்களை அனுப்புங்கள், புயல் எவ்வளவு தூரத்தில் அடித்தது என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.