அடுத்த மூன்று மாதத்தில் என்ன கற்கப் போகிறோம்? வன்னி மருந்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

தொடர் கற்றல் என்றதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது கொழும்பில் நடக்கும் ஏதாவதொரு பயிற்சிப் பட்டறைதான். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், லீவு எடுக்க வேண்டும், எமக்குப் பதிலாக மருந்தகத்தில் நிற்க ஆள் வேண்டும். மல்லாவி, செட்டிகுளம் போன்ற இடங்களில் அந்த ஆளைத் தேடுவதே பெரும்பாடு. கடைசியில் "இந்த வருசமும் சரிவரவில்லை" என்று விட்டுவிடுகிறோம்.

பட்டறைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் படிக்க வேண்டிய பாடம் ஒவ்வொரு கிளினிக் நாளும் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கிறது. அதில் ஒன்றை மட்டும் எடுத்து, இன்ன திகதிக்குள் என்று எழுதிவைத்துப் படித்தால் போதும்.

எழுதும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. "மருந்தியல் அறிவை வளர்த்துக்கொள்வேன்" என்பது ஆசை. அது நடந்ததா இல்லையா என்று யாராலும் பார்க்க முடியாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2017இல் மருந்தால் வரும் தீங்கைப் பற்றிப் பேசியபோது, தவிர்க்கக்கூடிய கடுமையான தீங்கை 5 ஆண்டுகளில் பாதியாகக் குறைப்பது என்று அளவும் காலமும் வைத்துத்தான் சொன்னது. எங்கள் இலக்குக்கும் அந்த இரண்டும் வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட்டை எடுத்துக்கொள்வோம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும்போது அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்கும் மருந்து. தினமும் குடித்தால் வாய் புண்ணாகும், என்புமச்சை பாதிக்கப்பட்டு இரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். கூடவே கொடுக்கும் போலிக் அசிட் என்ற விற்றமினும் இதைப் போலவே சிறிய மஞ்சள் குளிசையாக வருவதுண்டு. "விளங்கினதோ அம்மா?" என்று கேட்டால் எங்கள் சனம் "ஓம் தம்பி" என்றுதான் சொல்லும். மரியாதைக்காகச் சொல்லும் ஓம் அது, விளங்கியதற்குச் சாட்சி இல்லை. "அம்மா, இந்தக் குளிசையை எந்த நாளில குடிப்பீங்கள்?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

சரி, இலக்கை இப்படி எழுதலாம்: "மார்ச் 31க்குள், மெத்தோட்ரெக்ஸேட் வாங்கும் ஒவ்வொருவரும் எந்த நாளில் குடிப்பார் என்பதைத் தன் வாயால் சொல்லிவிட்டே போவார். அந்த நாள் மருந்து உறையிலும் கிளினிக் கொப்பியிலும் எழுதப்பட்டிருக்கும்." இதைச் செய்யத் தொடங்கினால் படிப்பு தானாக விரியும். எந்த இரத்தப் பரிசோதனை, எப்போது? சிறுநீரகம் பழுதானவருக்கு என்ன செய்வது? சலக் கிருமிக்கு கோ-ட்ரைமொக்ஸசோல் என்ற கிருமிகொல்லி மருந்து எழுதிய துண்டு வந்தால் ஏன் உடனே டொக்டருடன் பேச வேண்டும்? (இரண்டும் சேர்ந்தால் என்புமச்சைக்கு வரும் பாதிப்புக் கடுமையாகும்.) ஒரு மருந்தை இப்படிப் பிடித்துக்கொண்டு போவதில் கிடைக்கும் தெளிவு, ஒரு நாள் முழுக்க இருந்து கேட்கும் விரிவுரையில் எனக்குக் கிடைத்ததில்லை.

வன்னிக்கென்றே இன்னும் இரண்டு உண்டு. ஒன்று இன்சுலின். பாவனையில் இருக்கும் குப்பியை 25-30 பாகை செல்சியசுக்கு மேல் போகாத இடத்தில் ஏறத்தாழ 4 கிழமை வைத்திருக்கலாம். எங்கள் வெயிலில் தகரக் கூரை வீட்டுக்குள் அந்த அளவு நிற்காது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு, ஈரமண் நிரப்பிய பானைக்குள் சிறு பானையை வைத்துப் பாதுகாக்கும் முறையைச் செய்து காட்ட எத்தனை பேருக்குத் தெரியும்? மற்றது சிறுநீரகம். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் இருக்கிறது. வயல் வேலை முடிந்த நாரிநோவுக்குப் பாமசியில் டைக்ளோபினாக் என்ற, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய நோவு மருந்தை வாங்கிக் குடிப்பவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார். "வேறு என்ன குளிசை குடிக்கிறீங்கள் ஐயா?" என்று கேட்பதையே மூன்று மாத இலக்காக வைக்கலாம்.

செய்ததை எழுதுங்கள். ஒரு கொப்பி போதும், நோயாளியின் பெயர் அதில் வேண்டாம். பிரித்தானியாவில் மருந்தாளர்கள் வருடத்துக்கு 6 பதிவுகள் கொடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று சக தொழிலருடன் நடத்திய உரையாடல். எனக்கு அந்த ஒன்றுதான் மிகவும் பிடிக்கும். தனியாக நிற்கும் மருந்தாளருக்கு அதுதான் மிகத் தேவை. மன்னாரில் இருப்பவர் முல்லைத்தீவில் இருப்பவரைத் தொலைபேசியில் பிடித்து, "இந்த மாதம் இதைப் படித்தேன், இந்த இடத்தில் நிற்கிறேன்" என்று பேச லீவும் தேவையில்லை, பயணமும் தேவையில்லை.

பொறுப்பாளர்களாக இருப்பவர்கள் கிளினிக் இல்லாத ஒரு பின்னேரத்தில், மாதத்துக்கு அரை மணித்தியாலம் இதற்கென ஒதுக்கித் தாருங்கள். இருப்புக் கணக்கு எடுக்கும் நாளோடு மட்டும் அதைச் சேர்த்துவிட வேண்டாம். மார்ச் 31 வந்தும் இலக்கு முடியாமல் இருந்தால் யாரையும் ஏச வேண்டியதில்லை. எது தடுத்தது என்று கொப்பியில் எழுதி, இலக்கைச் சிறிதாக்கி, ஜூன் 30 என்று திகதியை மாற்றிப் போடுங்கள்.