ஓடிக்கொண்டிருக்கும் டேபிளிலிருந்து இண்டெக்ஸைக் கழற்றுவது

"இண்டெக்ஸை அழித்தால் தரவும் போய்விடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போகாது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், தரவு இருக்கும் டேபிள் ஒரு கோப்பு என்றால், தேடலை வேகமாக்க அதை வைத்துக் கட்டிய இண்டெக்ஸ் தனிக் கோப்பு. பெரும்பாலும் அது பி-ட்ரீ என்ற, கிளை கிளையாகப் பிரியும் மர வடிவில் இருக்கும். 1970 வாக்கில் போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் உருவாக்கிய அமைப்பு இது. விமானம் செய்கிற கம்பெனிக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று அன்று யாராவது கணக்குக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உடனடிப் பயன் கேட்டே ஆய்வு நிதியை வெட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஏன் கழற்ற வேண்டும்? ஒரு டேபிளில் பத்து இண்டெக்ஸ் இருந்தால், ஒரு புதிய வரிசை (ஒரு பதிவு) சேரும்போது பதினோரு இடத்தில் எழுத வேண்டும். வேகம் குறைந்தால் இண்டெக்ஸ் போடுகிறோம். எடுப்பதற்கு மட்டும் யாருக்கும் கை வருவதில்லை. "யாரோ காரணத்தோடுதான் போட்டிருப்பார்கள்" என்பார்கள். அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். ஒவ்வொரு இண்டெக்ஸும் எத்தனை முறை தேடலுக்குப் பயன்பட்டது என்று போஸ்ட்கிரெஸே எண்ணி வைக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். ஆனால் யூனிக் இண்டெக்ஸின் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தாலும் தொடாதீர்கள். இரட்டைப் பதிவு வராமல் காப்பது அதுதான். ரெப்ளிகா சர்வர் (அதே தரவின் நகலை வைத்திருக்கும் இன்னொரு சர்வர்) இருந்தால் அதன் கணக்கு தனி, அதையும் பாருங்கள்.

இனி கழற்றும் வேலை. இண்டெக்ஸை நீக்கும் சாதாரண டிராப் இண்டெக்ஸ் கட்டளை டேபிள் முழுவதற்கும் பூட்டுப் போடும்; அப்போது வேறு யாரும் அதைப் படிக்கவோ எழுதவோ முடியாது. நீக்குவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். அந்தப் பூட்டுக் கிடைப்பதுதான் பாடு. அரை மணி நேரமாக ஒரு ரிப்போர்ட் ஓடுகிறது என்றால் டிராப் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். மில்லி செகண்டில் முடிய வேண்டிய சின்னச் சின்னத் தேடல்களெல்லாம் டிராப்பின் பின்னால் நிற்கும். தளமே உறைந்துவிடும்.

இதற்காகத்தான் 2012-இல் வெளிவந்த 9.2 பதிப்பில் டிராப் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி, அதாவது மற்ற வேலைகளைத் தடுக்காமல் நீக்கும் கட்டளை, வந்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முதல் கட்டத்தில், "இனி இதைப் படிக்காதே" என்று இண்டெக்ஸின் மேல் குறி விழுகிறது. புதிதாக வரும் தேடல்கள் அதைச் சீண்டாது. எழுதுவது மட்டும் நிற்காது. யாரும் எட்டிப் பார்க்காத இண்டெக்ஸில் வரிசைகள் ஒழுங்காகச் சேர்ந்துகொண்டே இருக்கும். வீண் வேலை போலத் தெரியும். ஆனால் குறி விழுவதற்கு முன்பே அந்த இண்டெக்ஸை நம்பி இறங்கிய தேடல் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். இந்நேரம் எழுதுவதை நிறுத்தினால், புதிதாக வந்த பதிவு டேபிளில் இருக்கும், இண்டெக்ஸில் இருக்காது. அந்தத் தேடல் ஒரு வரிசை குறைந்த விடையைத் தரும், பிழைச் செய்திகூட இல்லாமல். அதனால் பழையவர்கள் எல்லோரும் முடிக்கும்வரை காத்திருக்கிறது. அதன் பிறகே "இனி எழுதாதே" என்ற இரண்டாவது குறி. மறுபடி காத்திருப்பு. கடைசியில்தான் கோப்பு போகிறது.

இண்டெக்ஸை இதே முறையில் உருவாக்கும்போது இந்தக் கட்டங்களின் ஒழுங்கு அப்படியே தலைகீழ்: முதலில் எழுதத் திறக்கும், படிக்கத் திறப்பது கடைசியில்.

இன்னொரு தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 8.0-இல் இண்டெக்ஸை 'இன்விசிபிள்' ஆக்குவதும் ஏறக்குறைய அந்த முதல் கட்டத்திலேயே நிறுத்திவைப்பதுதான். தேடல் திட்டம் அதைக் கண்டுகொள்ளாது, எழுத்து தொடரும். ஏதாவது மெதுவானால் நொடியில் திரும்பக் காட்டிவிடலாம். பெரிய டேபிளில் இண்டெக்ஸை மறுபடி கட்டுவது எவ்வளவு நேரம் தின்னும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

போஸ்ட்கிரெஸில் இன்னொன்று: கன்கரன்ட்லி கட்டளையை, பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டும் டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்ட முடியாது. பாதியில் ரத்தானால் இண்டெக்ஸ் அந்தரத்தில் நின்றுவிடும். முதல் கட்டத்திலேயே நின்றது என்றால், படிக்க உதவாது, எழுதும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும். டேபிள் விவரத்தில் அதன் பக்கத்தில் 'இன்வேலிட்' என்று தெரியும். அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் மிச்சத்தை முடித்துவிடும்.